அக்ரூட் மரத்தின் கதை

மன்னர்களுக்கு வரலாறு உண்டு. நகரங்களுக்கும் நாணயங்களுக்கும் வரலாறு உண்டு. மரத்துக்கும் வரலாறு உண்டோ எனச் சிலர் ஐயுறலாம். காட்டில் தானே முளைத்துத் தானே பட்டுப்போகும் மரத்தைப் பற்றி வரலாற்றாசிரியன் சொல்லக்கூடியது மிகுதியாக இல்லைதான். ஆனால் மனிதன் மடியிலே ஏறி, அவனோடு மலை கடந்து, கடல் கடந்து, அவன் வீட்டுத் தோட்டத்திலே குடியேறிய மரங்கள் சில உண்டு. அவற்றின் கதையைக் கேட்டால் மனிதனுடைய கதையையே வேறொரு பக்கத்திலிருந்து கேட்டதுபோல் ஆகும். அத்தகைய மரங்களுள் ஒன்றாகிய அக்ரூட்டைப் பற்றி இன்று பேச விழைகின்றேன்.

அக்ரூட் நம் தமிழ்நாட்டுச் சமவெளியில் விளையும் பொருளன்று. மளிகைக் கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் ஓட்டோடும், ஓடு நீக்கிய பருப்பாகவும் அதனைக் காண்கின்றோம். உருண்டை ஓட்டை உடைத்தால் உள்ளே மடிப்பு மடிப்பாக, இரு பாதியாகப் பிரிந்த பருப்பு இருக்கும். சிலர் இதனை வாதுமையோடு ஒன்றாக எண்ணி மயங்குவர். வாதுமை வேறு, அது ரோசாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. நாட்டு அக்ரோட்டு என்று நம்மவர் வழங்கும் மரமும் வேறு. அது ஆமணக்கின் உறவு. நான் சொல்லும் அக்ரூட், வடக்கே காஷ்மீரம் முதலிய குளிர் மலைநாடுகளில் எண்பது, தொண்ணூறு அடி உயரம் வரை ஓங்கி வளர்ந்து, இருநூறு ஆண்டும் அதற்கு மேலும் வாழும் பெருமரம்.

இம்மரத்தின் வரலாற்றுக்குள் நுழைய மிக எளிய வாயில் அதன் பெயர்களே. ஆங்கிலத்தில் இதனை வால்நட் என்பர். பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு 'அயலாரின் கொட்டை' என்பது பொருள். கால் நாட்டிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்ததாகையால் ஆங்கிலேயரின் முன்னோர் அதற்கு அப்பெயர் இட்டனர். அப்படியாயின் இத்தாலியிலும் கிரேக்கத்திலும் அதற்கு உரிமைப் பெயர் இருந்திருக்க வேண்டுமல்லவா? அங்கும் இல்லை. கிரேக்கர் அதனைப் பாரசீகக் கொட்டை என்றும் அரசர் கொட்டை என்றும் அழைத்தனர். உருசியரோ அதனைக் கிரேக்கக் கொட்டை என்பர். சீனர் இட்ட பெயருக்கு 'ஊ' மக்களின் பீச்சுப் பழம் என்பது பொருள். ஊ என்பது தம் வடமேற்கு எல்லைக்கு அப்பால் வாழ்ந்த அயலாரைச் சீனர் குறித்த சொல். அமெரிக்காவுக்கு அது சென்றபோது, கொண்டுசென்று விற்றவர் ஆங்கில வணிகர் என்பதனால், ஆங்கில வால்நட் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலேயர் அயலாரது என்று சொன்ன பொருளை அமெரிக்கர் ஆங்கிலேயரது என்றனர்! ஒவ்வொரு நாட்டாரும் தமக்கு முன்னே வைத்திருந்த நாட்டாரைக் கைகாட்டி விட்டனர்.

பாரசீக மொழியில் மட்டும் இதன் பெயர் 'கெர்து'. உருண்டையானது என்பது அதன் பொருள். காஷ்மீர மக்கள் 'டூன்' என்று இரண்டெழுத்தில் அழைத்து விடுவர். வீட்டிலே பிறந்த பிள்ளையை ஊர்ப்பெயர் சேர்த்து யாரும் அழைப்பதில்லை. வந்தவனைத்தான் இன்ன ஊரான் என்று அடைமொழி கூட்டி அழைப்போம். பெயர்களை இவ்வாறு வரிசையாக வைத்துப் பார்க்கும்போதே மரம் எப்பக்கத்திலிருந்து எப்பக்கம் நடந்தது என்பது ஒருவாறு புலனாகின்றது.

பெயர்கள் காட்டிய வழியை அறிவியலும் பெரும்பாலும் ஒப்புக்கொள்கின்றது. நடு ஆசிய மலைகள் அக்ரூட்டின் தொட்டில் என்று உருசியத் தாவர அறிஞர் நிக்கொலாய் வாவிலோவ் கருதினார். இன்றும் கிர்கிசியா நாட்டின் அர்சலன்பாப் என்னும் பகுதியில் அக்ரூட் மரங்களே நிறைந்த பெருங்காடு இருக்கின்றது. உறைபனி ஊழியின்போது இம்மரம் குளிர் தாங்காது பல இடங்களில் மறைந்து, காற்று அடங்கிய சில மலைப் பள்ளத்தாக்குகளில் மட்டும் ஒதுங்கி உயிர் பிழைத்தது. பிறகு அது மீண்டும் பரவியது எவ்வாறு? ஆலம்பழத்தைப் பறவை விழுங்கிச் சென்று வேறிடத்தில் இடும். இலவம்பஞ்சைக் காற்றுத் தூக்கிச் செல்லும். அக்ரூட் கனமான கொட்டை, மரத்தடியிலேயே விழும். காக்கையும் அணிலும் சிறிது தூரம் கொண்டுபோய்ப் புதைத்து மறக்கும், அவ்வளவே. பாலைநிலத்தையும் பனிமலையையும் அது தாண்ட வேண்டுமானால் மனிதன் பைதான் அதற்கு வாகனம்.

துருக்கி நாட்டு ஏரிகளின் அடியிலே படிந்த சேற்றை எடுத்து ஆராய்ந்தவர்கள், கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் படிவுகளில் அக்ரூட்டின் மகரந்தம் திடீரெனப் பெருகுவதைக் கண்டனர். அதனுடன் ஒலிவ மரத்தின் மகரந்தமும் சேர்ந்து பெருகியிருந்தமையால், அது காட்டின் வேலையன்று, தோட்டக்காரனின் வேலை என்று தெளிந்தனர். ஆசியாவின் பல நாடுகளிலுள்ள அக்ரூட் மரங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு 2015-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, பண்டைய பட்டு வணிகப் பாதைகளை ஒட்டி மனிதர் இம்மரத்தைப் பரப்பினர் எனக் காட்டியது. பட்டும் மணியும் சுமந்த ஒட்டகங்களோடு வழிப்பயணிகளின் உணவாக இக்கொட்டையும் சென்றது. ஓடு கெட்டியானது, பல மாதம் கெடாது, நூறு கிராம் பருப்பில் ஏறக்குறைய அறுபத்தைந்து கிராம் கொழுப்பும் பதினைந்து கிராம் புரதமும் உள்ளன. நெடும்பயணத்துக்கு இதனினும் சிறந்த கட்டுச்சோறு வேறு ஏது?

நம் நாட்டிலும் இம்மரம் பழமையானது. வடமொழியில் இதற்கு அக்ஷோடம் என்று பெயர். அதுவே இந்தியில் அக்ரோட் ஆகி, நம் கடைத்தெருவில் அக்ரூட் ஆயிற்று. சரகரின் மருத்துவ நூல் பருப்புக் காய்களைக் கூறுமிடத்தில் இதனையும் கூறுகின்றது. காளிதாசர் தம் இரகுவமிசத்தில் இரகுவின் வடதிசைப் படையெடுப்பை வருணிக்கும்போது, காம்போச நாட்டில் அவனுடைய யானைகளைக் கட்டிய கயிறு பட்டு அக்ரூட் மரங்கள் வருந்திச் சாய்ந்ததாகவும், அவற்றோடு சேர்ந்து அந்நாட்டு மன்னரும் தலைசாய்த்ததாகவும் பாடுகின்றார். காம்போசம் இன்றைய ஆப்கானியப் பக்கம். கவிஞர் மரத்தின் இடத்தைப் பிழையின்றிக் குறித்திருக்கின்றார். யானையைக் கட்டத் தாங்கும் அளவுக்கு அது பருமனானது என்பதையும் அறிந்திருக்கின்றார்.

மேற்கே உரோமருக்கு இக்கொட்டையின் மீது தனிப்பட்ட விருப்பு இருந்தது. தேவர்களின் தலைவனாகிய ஜூபிட்டரின் கொட்டை என்னும் பொருள்பட அவர்கள் இட்ட பெயரே தாவர நூலில் 'ஜுக்லான்ஸ்' என்று இன்றும் வழங்குகின்றது. திருமண ஊர்வலத்தில் மணமகன் சார்பில் கொட்டைகளை வாரி இறைப்பர். சிறுவர் ஓடியோடிப் பொறுக்குவர். உரோமச் சிறுவர்க்குக் கோலிக்குண்டும் இதுதான். பேரரசன் அகஸ்டஸ் ஓய்வு நேரத்தில் சிறுவர்களோடு அமர்ந்து கொட்டை விளையாடினான் என்று அவன் வரலாற்றை எழுதிய சூட்டோனியஸ் குறிக்கின்றார். விளையாட்டுப் பருவம் நீங்கியவனைக் கொட்டைகளை விட்டவன் என்று சொல்வது அவர்கள் மரபு. கி.பி. 79-ஆம் ஆண்டு வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த நகரங்களை அகழ்ந்தபோது, கருகிய அக்ரூட்டுகளும் கிடைத்தன. அவ்வெரிமலைச் சீற்றத்திலேயே உயிர்நீத்த அறிஞர் பிளினி, இம்மரத்தைப் பாரசீகத்திலிருந்து அரசர்கள் வருவித்தனர் என்று தம் இயற்கை வரலாற்றில் எழுதி வைத்துச் சென்றார்.

பிளினி சொல்லும் மற்றொரு செய்தியும் சுவையானது. பாந்தஸ் நாட்டு மன்னன் மித்ரிடாட்டஸ் நஞ்சுக்கு அஞ்சியவன். உரோமத் தளபதி பாம்ப்பி அவனை வென்றபின், மன்னன் தன் கைப்பட எழுதி வைத்திருந்த நஞ்சுமுறிவு மருந்துக் குறிப்பு ஒன்று அகப்பட்டதாம். காய்ந்த அக்ரூட் இரண்டு, அத்திப்பழம் இரண்டு, அருவதா இலை இருபது, சிறிது உப்பு: இவற்றை அரைத்துக் காலையில் உண்டால் அன்று நஞ்சு தீண்டாது என்பது அக்குறிப்பு. நஞ்சு முறிந்ததோ இல்லையோ, காலைச் சிற்றுண்டியாக அது நல்ல உணவே. பிற்காலத்து ஐரோப்பிய மருத்துவர் வேறொரு வழியில் சென்றனர். பருப்பு மூளையைப் போன்றிருப்பதால் மூளை நோய்க்கு அதுவே மருந்து என்றனர். உருவ ஒற்றுமையைக் கொண்டு மருந்து காணும் அம்முறை அறிவியல் ஆகாது என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆயினும் பழமக்கள் கண்டுசொன்ன எல்லாமே பொய்யல்ல. அக்ரூட்டின் நிழல் கனத்தது, அதன்கீழ் எதுவும் செழிக்காது என்று பிளினி எழுதினார். இதனை நெடுங்காலம் மூடநம்பிக்கை என்று தள்ளினர். ஆனால் இம்மரத்தின் வேரிலும் இலையிலும் காயின் பச்சைத் தோலிலும் ஜுக்லோன் என்ற பொருள் உண்டாகின்றது என்பதை 19-ஆம் நூற்றாண்டின் வேதியியலார் கண்டனர். தக்காளி போன்ற சில செடிகளை அது வாடச் செய்ய வல்லது. அமெரிக்கக் கறுப்பு அக்ரூட்டில் இது மிகுதி; நாம் பேசும் மரத்தில் குறைவு. பெருமரத்தின் நிழலும் நீரை உறிஞ்சும் வேரும் செய்யும் தீங்கு எவ்வளவு, ஜுக்லோன் செய்யும் தீங்கு எவ்வளவு என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வாதம் உண்டு.

இனி, இதனைத் தோட்டத்தில் வளர்க்கும் முறையைச் சிறிது பார்ப்போம். கொட்டையைக் கூதிர்காலத்தில் மண்ணில் ஊன்றுவர். குளிர்காலம் முழுவதும் ஈரத்தில் கிடந்து குளிர்ந்தாலன்றி அது கண்விழிப்பதில்லை. முளைத்ததும் முதலில் ஆணிவேரைத்தான் ஆழ இறக்கும். ஆகவே ஆழமான, நீர் தேங்காத மண் வேண்டும். வளர்ந்த மரம் நாற்புறமும் படர்வதால் ஒரு மரத்துக்கும் மற்றொரு மரத்துக்கும் இடையே முப்பது, நாற்பது அடி விடுவர். ஒரே மரத்தில் ஆண்பூவும் பெண்பூவும் உண்டு. ஆண்பூ பச்சைச் சரமாகத் தொங்கும். பெண்பூ கிளை நுனியில் சிறிதாக நிமிர்ந்திருக்கும். காற்றே மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கும். ஆனால் ஒரே மரத்தில் இவ்விரண்டும் ஒரே காலத்தில் மலர்வது அரிது. ஆகவே ஒற்றை மரம் நட்டவன் குறைந்த காய்க்கும், அண்டை வீட்டில் ஒரு மரம் இருப்பவன் நிறைந்த காய்க்கும் உரியவன் ஆகின்றான். வசந்தத்தில் பின்தங்கி வரும் ஓர் இரவுப் பனி பூவைக் கருக்கிவிட்டால் அவ்வாண்டு விளைச்சல் இல்லை. அதே சமயம், மாரிக்காலத்தில் பல நூறு மணி நேரம் கடுங்குளிர் படாவிட்டாலும் மரம் காய்க்காது. நம் சமவெளியில் அது ஏன் விளைவதில்லை என்பதற்கு விடை இதுவே.

விதையிலிருந்து வளர்ந்த மரம் காய்க்கப் பத்தாண்டும் அதற்கு மேலும் ஆகலாம். நிறைந்த பலன் தர இருபது, முப்பது ஆண்டு செல்லும். தாய்மரத்தின் குணம் பிள்ளைமரத்தில் அப்படியே அமைவதும் இல்லை. ஆகவே நல்ல மரத்தின் கிளையை ஒட்டுக் கட்டும் வழக்கம் தோன்றியது. பிரான்சு நாட்டின் கிரெனோபிள் வட்டாரத்து உழவர் இதில் பேர்பெற்றவர்; அவர்தம் அக்ரூட்டின் பெயரை 1938-ஆம் ஆண்டிலேயே சட்டம் காத்தது. ஒட்டு மரம் நாலைந்து ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கும். இருந்தபோதிலும் வரலாற்றின் பெரும்பகுதியில் அக்ரூட் என்பது பாட்டன் நட்டுப் பேரன் உண்ட மரமே. தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது நம் பழமொழி. அக்ரூட் பனையின் கட்சி. ஐரோப்பியரும் இம்மரத்தை வாரிசுகளுக்காகவே நடவேண்டும் என்ற கருத்தமைந்த பழமொழி வைத்திருக்கின்றனர்.

அவ்வளவு பொறுமைக்குக் கைம்மாறாக இம்மரம் தராத பொருளில்லை. பிஞ்சுக் காயைக் கோடையில் பறித்து ஆங்கிலேயர் ஊறுகாய் இடுவர். ஆர்மீனியர் சர்க்கரைப் பாகில் இட்டுக் கறுத்த இனிப்பாக்குவர். பாரசீகர் பருப்பை அரைத்து மாதுளம்பழச் சாற்றோடு கூட்டிக் குழம்பு வைப்பர். ஜார்ஜியா நாட்டார் கோழிக் கறிக்கும் கத்தரிக்காய்க்கும் அக்ரூட் விழுதையே மசாலையாகக் கொள்வர். நமக்குத் தேங்காய் எப்படியோ அவர்களுக்கு இது அப்படி. ஒலிவ மரம் வளராத பிரெஞ்சு மலைப்பகுதிகளில் தாளிப்பதற்கும் விளக்கெரிப்பதற்கும் அக்ரூட் எண்ணெயே பயன்பட்டது. காய்ந்தால் படலமாக இறுகும் இயல்பு அவ்வெண்ணெய்க்கு உண்டு. மஞ்சளித்துப் போவதும் குறைவு. ஆகவே 15-ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர்கள் வண்ணங்களை அதில் குழைத்தனர். லியனார்டோ டா வின்சி அவ்வெண்ணெயைத் தெளிவாக எடுக்கும் முறையைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்.

பச்சைத் தோல் கம்பளிக்கும் கூந்தலுக்கும் பழுப்புச் சாயம் தரும். காரம் சேர்க்காமலே பிடிக்கும், எளிதில் வெளுக்காது. அறுவடைக் காலத்தில் தோலுரித்தவர் கை பல நாள் கறுத்தே இருக்கும். பட்டையைக் காஷ்மீரத்திலும் அதன் மேற்கிலும் பல் துலக்கப் பயன்படுத்துவர். அது ஈற்றையும் உதட்டையும் சிவக்கச் செய்வதால் பெண்டிர் அதனை விரும்புவர். இலையின் மணத்துக்கு ஈ அண்டாது என்று கருதித் தொழுவத்தின் அருகே இம்மரத்தை நடுவது ஐரோப்பிய உழவர் வழக்கம். உடைத்தெறிந்த ஓடும் வீணாவதில்லை. பொடியாக்கி உலோகப் பொறிகளைக் கீறலின்றித் துலக்கப் பயன்படுத்துகின்றனர்.

இத்தனை நன்மைகளுக்கும் மேலாக மரத்தின் கட்டையே அதற்குப் பெருமையும் ஆயிற்று, பகையும் ஆயிற்று. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்தின் செல்வர் வீடுகளில் மேசையும் நாற்காலியும் அலமாரியும் அக்ரூட் கட்டையிலேயே அமைந்தன. அக்காலத்தைக் கலை வரலாற்றாசிரியர்கள் அக்ரூட் காலம் என்றே குறிப்பர். அந்நாட்டு மரநூல் அறிஞர் ஜான் ஈவிலின் 1664-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை மிகுதியாக நடுமாறு வற்புறுத்தினார். வெட்டியவர் பலர், நட்டவர் சிலர். பிறகு 1709-ஆம் ஆண்டில் ஐரோப்பா முழுவதையும் உறைய வைத்த கொடிய பனிக்காலம் வந்து எண்ணற்ற அக்ரூட் மரங்களைக் கொன்றது. 1720-ஆம் ஆண்டில் பிரான்சு தன் அக்ரூட் கட்டையை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை விதித்தது. தச்சர்கள் மேற்கிந்தியத் தீவுகளின் மகாகனி மரத்தை நாடினர். ஒரு நாட்டின் நாற்காலி மாறியதற்குக் காரணம், ஒரு தலைமுறையினர் தம் பேரரை நினைத்து மரம் நடத் தவறியதுதான் என்று சொன்னால் அது பெரிதும் மிகையாகாது.

மற்றொரு பகைவன் துப்பாக்கி. அக்ரூட் கட்டை கனம் குறைந்தது. ஈரம் பட்டாலும் முறுக்கிக்கொள்ளாது. வெடியின் உதைப்பைத் தாங்கும். கையில் வழவழப்பாகப் பொருந்தும். ஆகவே ஐரோப்பியப் படைகளின் துப்பாக்கிக் கட்டைகள் நெடுங்காலம் இதனாலேயே செய்யப்பட்டன. நெப்போலியன் காலத்துப் பிரான்சுக்கு இதற்கென ஆண்டுக்கு 12,000 மரங்கள் தேவைப்பட்டன என்று 19-ஆம் நூற்றாண்டு மரநூல்கள் கூறும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர் தாங்கிய காரண்டு துப்பாக்கியின் கட்டையும் அந்நாட்டுக் கறுப்பு அக்ரூட்டே. முதல் உலகப் போரின் இறுதியில் நச்சுக்காற்றைத் தடுக்கும் முகமூடிக்குக் கரி வேண்டுமென்று பீச்சுக் கொட்டையையும் அக்ரூட் ஓட்டையும் அமெரிக்கப் பள்ளிச் சிறுவர் வீடுவீடாகச் சென்று திரட்டினர். உரோமச் சிறுவன் உருட்டி விளையாடிய கொட்டைக்கு இப்படியும் ஒரு காலம் வந்தது. அறுபது ஆண்டு வளர்ந்த மரம் ஒரு பகலில் வீழ்கின்றது. அடுத்த போர் வருவதற்குள் அது மீண்டும் வளர்வதில்லை. போர்கள் அத்துணை விரைவாக வந்துவிடுகின்றன.

இனி நம் காஷ்மீரத்துக்கு வருவோம். இந்திய நாட்டின் அக்ரூட் விளைச்சலில் மிகப் பெரும்பகுதி அங்கிருந்தே வருகின்றது. ஓட்டின் கனத்தை வைத்து அதனை மூன்று வகையாகப் பிரிப்பர். கையாலேயே நொறுக்கக் கூடிய மெல்லோடு 'காக்சி', நடுத்தரமானது 'புர்சுல்', சுத்தியலுக்கும் எளிதில் இணங்காதது 'வொந்த்'. காக்சி என்றால் காகிதம் போன்றது என்று பொருள். நாம் காகிதம் என்பதும் அந்தப் பாரசீகச் சொல்லின் வழிவந்ததே.

அங்கு வாழ்ந்துவந்த பண்டிதர் குலத்தாருக்குச் சிவராத்திரியே தலையாய திருநாள். அதனை அவர்கள் 'ஹேரத்' என்பர். மண்கலத்தில் நீர் நிரப்பி, அதில் அக்ரூட்டுகளை ஊறவிட்டு, இறைவனாகவே பாவித்து வழிபடுவர். வழிபாடு முடியும் அமாவாசைக்கு அக்ரூட்டின் பெயரே வழங்குகின்றது. ஊறிய கொட்டைகளை எடுத்து மகள் வீட்டுக்கும் உறவினர்க்கும் அண்டை அயலார்க்கும் பகிர்வர். அண்டை வீட்டார் முஸ்லிம்களாயினும் அவர்கள் பங்கு தவறாது சென்றுவிடும். 1990-ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்த கொடுமைகளால் அக்குலத்தாருள் பெரும்பாலோர் பள்ளத்தாக்கை விட்டு வெளியேற நேர்ந்தது. இன்று ஜம்முவிலும் டில்லியிலும் வாழும் குடும்பங்கள் கடையில் அக்ரூட் வாங்கி அதே திருநாளைக் கொண்டாடுகின்றன. முன்னாளில் மனிதன் நடந்த வழியெல்லாம் மரம் பின்தொடர்ந்தது. இங்கோ மரம் நின்ற இடத்திலேயே நிற்க, நட்டவன் பேரன் நெடுந்தூரம் சென்றுவிட்டான். அவன் கையில் கொட்டை மட்டும் இருக்கின்றது.

காஷ்மீரத்துச் சிற்பக் கலைஞர் அக்ரூட் கட்டையில் சினார் இலையும் தாமரையும் திராட்சைக் கொடியும் செதுக்கி உலகப் புகழ் பெற்றனர். 15-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டை ஆண்ட சுல்தான் சைனுல் ஆபிதீன் பாரசீகத்திலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் கைவினைஞரை வருவித்தான். அவன் ஆதரவால் இக்கலை ஓங்கிற்று என்பர். வெட்டிய கட்டையைச் சில ஆண்டு நிழலில் உலர்த்திய பின்னரே உளி வைப்பர். கிளையின் கட்டை வெளிறியது; அடிமரம் கருமை கூடியது; வேர்ப்பகுதியே மிகக் கறுத்து, நரம்போட்டம் மிக்கு, விலையும் மிகுந்தது. கலைக்கு ஆசைப்பட்டு மரத்தை இழந்துவிடலாகாது என்று 1969-ஆம் ஆண்டில் அம்மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி ஒருவன் தன் சொந்த நிலத்திலுள்ள அக்ரூட் மரத்தையும் அரசின் இசைவின்றி வெட்டுதல் குற்றமாயிற்று. பிரான்சும் இங்கிலாந்தும் பெற்ற அனுபவத்தை அறிந்தவர்க்கு இச்சட்டத்தின் அருமை விளங்கும்.

ஆனால் பெருமரங்களைக் காப்பதற்கும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கின்றது. ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் ஆட்கள் கையில் நீண்ட கழியோடு மரத்தின் உச்சிக்கு ஏறிக் காய்களை அடித்து உதிர்ப்பர். கிளையோ வழுக்கும்; கயிறோ காப்போ பெரும்பாலும் இல்லை. வழுக்கி விழுந்து உயிரிழப்போரும், முதுகெலும்பு முறிந்து வாழ்நாள் முழுதும் படுக்கையில் கிடப்போரும் ஒவ்வோர் அறுவடையிலும் உண்டு. ஒரு கிண்ணம் பருப்பு நம் தட்டுக்கு வருமுன் யாரோ ஒருவன் எழுபது அடி உயரத்தில் தன் உயிரைப் பணயம் வைத்திருக்கின்றான். இதற்குப் பரிகாரமாகவே, குட்டையாக வளர்ந்து விரைவில் காய்க்கும் ஒட்டு மரங்களை அங்குள்ள தோட்டக்கலையாளர் பரப்பி வருகின்றனர். அவற்றுள் ஒன்றாகிய 'சாண்ட்லர்' என்னும் வகை 1979-ஆம் ஆண்டில் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் வெளியிட்டதாகும்.

கலிபோர்னியாவிலும் அக்ரூட் வந்தேறியே. ஸ்பானியப் பாதிரிமார் முதலில் கொண்டுவந்தனர்; 1867-ஆம் ஆண்டில் ஜோசப் செக்ஸ்டன் என்பவர் சாண்டா பார்பராவின் அருகே வணிகத் தோட்டம் அமைத்தார். இன்று அமெரிக்க நாட்டு அக்ரூட்டில் ஏறத்தாழ முழுதும் அம்மாநிலத்திலேயே விளைகின்றது. உலகிலேயே மிகுதியாக விளைவிக்கும் நாடு சீனம். பாரசீகத்தின் பக்கத்திலிருந்து கிழக்கும் மேற்குமாகப் பிரிந்து சென்ற கொட்டை, பசிபிக் கடலின் இரு கரையிலும் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து நாற்றாக மீண்டும் காஷ்மீரத்துக்கே திரும்பி வருகின்றது.

பண்டைய உரோமில் ஓவிட் என்னும் கவிஞர் பெயரில் வழங்கும் பாட்டொன்று உண்டு. வழிப்போக்கர் எறியும் கல்லைத் தாங்கமாட்டாது ஓர் அக்ரூட் மரமே முறையிடுவதாக அது அமைந்தது. காய்த்த மரம் கல்லடி படும் என்று நாமும் சொல்கின்றோம். இவ்விரு மக்களும் ஒருவரையொருவர் கேட்டு இதனைச் சொல்லவில்லை. கனிமரத்தின் கீழ் வாழ்ந்தவர் எங்கும் கண்ட உண்மையே இது.

இந்த வரலாற்றிலிருந்து நான் பெறுகின்ற கருத்து இது. எங்கள் மரம், எங்கள் உணவு, எங்கள் திருநாள் என்று ஒவ்வொரு மக்களும் போற்றும் பொருள்களுள் பல, என்றோ ஓர் அயலான் கொண்டுவந்து கொடுத்தவை. அக்ரூட் தன் பெயரிலேயே அந்தச் செய்தியைத் தாங்கி நிற்கின்றது. வந்த பொருளைத் தமதாக்கியது உரிமை முழக்கமன்று. யாரோ ஒருவன் தான் உண்ணமாட்டோம் என்று அறிந்தும் அதனை ஊன்றி, வேலி கட்டி, நீர் வார்த்தான். அவன் பேரன் அதனைத் தன் பாட்டனின் மரம் என்றான். அப்போதுதான் அது அந்த ஊரின் மரமாயிற்று.

நம் ஊரில் அக்ரூட் காய்க்காது. ஆனால் புளியும் பனையும் இலுப்பையும் பலாவும் காய்க்கும். சாலையோரத்துப் புளியமரத்தை நட்டவர் யார், கோயில் வாசலில் நிற்கும் இலுப்பையை வைத்தவர் யார், அதன் நெய்யை எதற்குப் பயன்படுத்தினர் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அதுவும் வரலாற்று ஆராய்ச்சியே. எழுதி முடித்த பின், இடம் கிடைத்தால், காய்க்கத் தாமதமாகும் மரமாகப் பார்த்து ஒன்று நடுங்கள்.